திரும்பிய நேரம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் தோழி ஒருத்தி தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கிறாள். அன்றன்று என்ன கற்றார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். நோட்டைப் புரட்டிவிட்டு, இவ்வளவும் நிஜமாகவே செய்தீர்களா என்று கேட்டேன். அவள் சிரித்தாள். பாதி நோட்டு கப்ஸா என்று புரிந்துவிட்டது.

இதை வைத்து ஒரு கதை எழுதிக்கொள்கிறேனே என்றதற்குத் தாராளமாக எழுது என்றாள். வழியனுப்ப வாசல்வரை வந்தவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"தண்ணிய மட்டும் கொண்டு வராத. எனக்கு என்னவோ பிடிக்கல."

வாக்குக் கொடுத்தேன்.

2

முதல் தொடக்கம்: 'விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு——' (தண்ணீர். அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: 'வீடே பள்ளியாக அமைவதன் நன்மைகள் யாதெனில்——' (கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்.)

மூன்றாவது: ஒரு தையல்காரி இருந்தாள். இது போதும்.

அவள் கணவன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவன். வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில் இருப்பான். ஒரே மகள், வயது ஒன்பது. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்குத் துருவி என்று பெயர். அதே காரணத்துக்காகப் பள்ளியில் அவளை வகுப்புக்கு வெளியே உட்காரவைத்தார்கள். ஒரு வருடத்தில் பிள்ளை கேள்வி கேட்பதையே விட்டுவிட்டது. தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. நானே சொல்லித்தருகிறேன் என்று கூட்டிவந்துவிட்டாள். நோட்டு சரியில்லை என்றால் பிள்ளை மறுபடியும் அந்த வகுப்புக்கு வெளியேதான் போய் உட்கார வேண்டும்.

நல்ல நாட்களும் இருந்தன. துணி வெட்டும்போதே பின்னம் படித்தார்கள். ஒரு மீட்டரில் எத்தனை காலர் தேறும் என்று துருவி சாக்பீஸால் கோடு போட்டுச் சொன்னால் தப்பாது. ஆனால் பள்ளி திறக்கும் மாதங்களில் சீருடை ஆர்டர் மலைபோலக் குவியும். (ஊரார் பிள்ளைகள் பள்ளிக்குப் போக இவள் தைக்கிறாள், இவள் பிள்ளை வெட்டு மேசைக்கு அடியில் சும்மா படுத்திருக்கிறது. இந்த முரணை நான் தேடிப் போகவில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது.) அந்த நாட்களில் மாலையில் மனசாட்சி உறுத்த நோட்டைத் திறந்து, நடக்காத பாடத்தை எழுதுவாள்.

'செவ்வாய். சுவர்க் கடிகாரத்தைப் பிரித்து மறுபடி பூட்டினோம். பற்சக்கரங்கள் பற்றி அறிந்தோம்.'

3

ஆய்வாளர் வந்தார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, கடிகாரத்தைப் பற்றிச் சொல்லு பாப்பா என்றார். தையல்காரி சுவர்ப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

துருவி சொன்னாள். சின்னச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றினால் பெரிய சக்கரம் ஒன்று சுற்றும் என்று கையைச் சுழற்றிக் காட்டினாள். கடைசியில், "பூட்டி முடிச்சதும் ஒரு ஸ்க்ரூ மிச்சமாயிடுச்சு" என்று பைக்குள் கைவிட்டு அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஆய்வாளர் மனம்விட்டுச் சிரித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் போனதும் தையல்காரி நாற்காலியில் ஏறிக் கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். பின்னால் நான்கு துளை, மூன்று திருகாணி.

(அடிக்குறிப்பு: திருகாணியை நான் எழுதவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் எழுதிய ஞாபகம் இல்லை.)

4

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது. போகாத பூங்காவில் பொறுக்கிய பதினொரு வகை இலை, புத்தகத்துக்குள் காய்ந்து கிடந்தது. ஊற்றாத மெழுகுவத்தியின் மெழுகு துருவியின் மணிக்கட்டில் பட்டு, சின்னத் தழும்பாகியிருந்தது. இது எப்போது என்று பதறிப்போய்க் கேட்டாள் தையல்காரி.

"நீதானம்மா மருந்து போட்ட. ஊதி ஊதிப் போட்ட."

"நானா?"

"அன்னிக்கு நீ தைக்கலல்ல. அந்த மாதிரி நாள்ல நீ நல்லா சிரிப்ப." துருவி கொஞ்சம் யோசித்தாள். "மறுபடி எப்பம்மா அப்படி இருப்ப?"

(இந்த இடத்தில் தையல்காரி பயந்தாள் என்று எழுதியிருந்தேன். அது அரை உண்மை. அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பொய் எழுதும்போது தன்னைக் கொஞ்சம் பொறுமைசாலியாக, கொஞ்சம் கலகலப்பானவளாக எழுதிவிட்டாள். யார்தான் எழுதமாட்டார்கள்? இப்போது பிள்ளை அந்த அம்மாவைக் கேட்கிறது.)

அன்றோடு பொய் எழுதுவதை நிறுத்தினாள். ஆர்டரைக் குறைத்துக்கொண்டு தினம் ஒரு மணி நேரம் துருவியோடு தரையில் உட்கார்ந்தாள். தராசு செய்தார்கள், காகிதப் பாலம் கட்டினார்கள். துருவி மரியாதையாகக் கற்றுக்கொண்டாள். நடுநடுவே தலைதூக்கி, யாரோ வர வேண்டியிருப்பதுபோல வாசலைப் பார்த்தாள்.

5

வியாழக்கிழமை நான்கு மணி. ஒரு கட்டுக் காலரை முடித்துவிட்டுத் தையல்காரி மெஷினை நிறுத்தினாள். வீடு சத்தமில்லாமல் இருந்தது. கூப்பிட்டாள், பதில் இல்லை. முன்கதவு திறந்திருந்தது. துருவியின் செருப்பைக் காணோம். பக்கத்தில் கிடக்க வேண்டிய தன் செருப்பையும் காணோம்.

வெறுங்காலோடு தெருவில் இறங்கினாள். எதிரே சைக்கிள் பழுதுபார்க்கிறவர் டயரைக் கீழே வைத்துவிட்டு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"என்னக்கா, இப்பத்தானே பாப்பாவக் கூட்டிக்கிட்டு கயிறும் கையுமாப் போனீங்க? அதுக்குள்ள எப்படித் திரும்பி வந்தீங்க?"

ஓடிவந்து நோட்டைத் திறந்தாள். அவள் எழுதவில்லை. ஆனால் அவள் கையெழுத்துத்தான், நீல மை.

'வியாழன். ஆற்றின் ஆழம் அளத்தல். கயிறு, கல், முழத்துக்கு ஒரு முடிச்சு. சென்றவர்கள்: அம்மா, மகள். புறப்பட்ட நேரம்: 3.30. திரும்பிய நேரம்:'

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

(என் முதல் பிரதியில் சந்தை என்று இருக்கிறது. வெங்காயம் எடைபோட்டுப் படிக்கிறார்கள். அந்தத் தாள் இதோ இருக்கிறது. இந்தப் பிரதியில் ஆறு என்று எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. தோழிக்கு இரண்டு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.)

5 (மறுபடியும்)

அவள் ஆற்றுக்கு ஓடுவதாக எழுதிப் பார்த்தேன். கரையில் ஈர மணலில் இரண்டு ஜோடிச் செருப்பு, கழற்றி ஒழுங்காக வைத்திருந்தது. அதற்கு அப்பால் பெரிய காலடி ஒன்று, சின்னக் காலடி ஒன்று, இரண்டும் நீரை நோக்கி——

கிழித்துவிட்டேன். நடந்தே போனால் முக்கால் மணி நேரம். எப்படியும் நேரத்துக்குப் போய்ச்சேரமாட்டாள் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

6

ஆகவே அவள் மேசை முன்னால் உட்கார்கிறாள். இந்த நோட்டில் எழுதியதெல்லாம் நடந்திருக்கிறது. அவளுக்கு அது தெரியும். காலிக் கட்டத்தில் ஒரு நேரத்தை எழுதினால் போதும். பேனாவைத் திறந்தவள் எழுதாமல் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

சென்றவர்கள் இரண்டு பேர். திரும்பினால் இரண்டு பேரும் திரும்புவார்கள். தைக்காதவள், நன்றாகச் சிரிப்பவள், இவள் செருப்பைப் போட்டுக்கொண்டு இந்த வாசலில் ஏறுவாள். ஒரு வீட்டில் ஒரு அம்மாதான் இருக்க முடியும்.

மகள் மட்டும் என்று எழுதலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன், அவளும் நினைத்தாள். அப்படி எழுதினால் துருவி அம்மாவை ஆற்றில் விட்டுவிட்டு வந்த பிள்ளையாக வருவாள். இந்த ஜன்மம் முழுக்கக் கேள்வியே கேட்கமாட்டாள்.

இந்த இடத்தில் வாசகரிடம் முடிவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் எனக்குச் சௌகரியம். ஆனால் தையல்காரி எனக்காகக் காத்திருக்கவில்லை. மணி 5.10. நிறுத்தி நிதானமாக, தன் எழுத்திலேயே அழகான எழுத்தில் '5.15' என்று எழுதினாள். பிறகு தைத்து முடித்த காலர்களை அடுக்கி, ஊசியை ஊசிமெத்தையில் குத்திவைத்தாள். வருகிறவளுக்குத் தைக்கத் தெரியுமோ என்னவோ என்று நினைத்தாள்.

7

'தையல்காரி எழுந்து——'

'தையல்காரி கதவை——'

எப்படித் தொடங்கினாலும் வாக்கியம் நகர மறுக்கிறது. அறையில் மெஷின் இருக்கிறது, நோட்டு இருக்கிறது, மூடாத பேனா இருக்கிறது. அவளை எங்கேயும் நிறுத்த முடியவில்லை.

வெளியே செருப்புச் சத்தம். கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே ஒரு பிள்ளை படியேறி வருகிறது. யாரோ சிரித்துச் சிரித்துப் பதில் சொல்லிக்கொண்டு வருகிறார்கள். கதவு தட்டப்படுகிறது.

எழுதுகிறவளுக்கு அந்த வீட்டில் கை கிடையாது. உள்ளே இப்போது நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள்.

பிள்ளை நனைந்திருக்கிறாள். சீக்கிரம் திறங்கள்.