வட்டமிட்ட முகவரி

காலை ஆறு மணிக்குள் மூன்று லாரிக் குப்பையை எங்கள் கைகள் பிரித்துப் போட்டுவிடும். ஓடும் பட்டையின் இருபுறமும் பன்னிரண்டு பெண்கள். அட்டை ஒரு தொட்டிக்கு, பாட்டில் ஒரு தொட்டிக்கு. புளித்த பீர் நாற்றம் தலைமுடியில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமைப் பூசை வரைக்கும் இறங்காது.

பன்னிரண்டு பேரில் என்னையும் சேர்த்து ஐந்து பேர் டிராவலர் சனம். வண்டிவீட்டில் பிறந்து, ஊருக்கு வெளியே கவுன்சில் ஒதுக்கிய திடலில் கிடப்பவர்கள். எதிரே நிற்கும் வின்னி என் சித்தப்பா மகள். ஆனாலும் நான்கு வருடமாக ஆலைக்குள் அவள் யாரோ, நான் யாரோ. ஆளுக்கொரு ஊர்க்காரியின் முகவரியைக் கெஞ்சி வாங்கித்தான் வேலைக்குச் சேர்ந்தோம். திடலின் பெயரை எழுதினால் அயர்லாந்தில் எவன் வேலை தருவான்?

என் மகள் ஐலீன் கேட்கவில்லை. கம்ப்யூட்டர் படிப்பில் முதலாவதாகத் தேறியவள். "பொய் அட்ரஸ் குடுத்து வாங்குற வேலை எனக்கு எதுக்கும்மா?" என்று திடலின் பெயரையே எழுதி, எங்கள் ஆலை ஆபீசுக்கே மனுப் போட்டாள்.

அந்த வியாழக்கிழமை ஆபீஸ் காகிதக் குப்பை பட்டையில் வந்தது. அதற்கு நடுவே என் மகளின் கையெழுத்தில் அவள் போட்ட மனு. முகவரியைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் 'வேண்டாம்'. எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அழுகை வரவில்லை. முதலாளி ஹேன்லியின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது, மறைப்பானேன்?

அரை மணி கழித்து ஹேன்லியே வந்தான். கூடவே கவுன்சில் அதிகாரி அம்மாள். டிராவலர் சனத்துக்கு எங்கெங்கே வேலை கிடைக்கும் என்று விசாரித்து வருகிறாளாம்.

"நான் குடுக்கத் தயார் மேடம். ஒருத்தராவது மனுப் போட்டாத்தானே? அவங்களுக்கு உடம்பு வளையாது" என்றான்.

பட்டையை நிறுத்தும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன்.

"யாரு நிறுத்துனது?"

"நான்தான், டெலியா." மனுவை அதிகாரி கையில் கொடுத்தேன். "இது என் மக போட்ட மனு. அந்த வட்டம் யாரு போட்டதுன்னு இவரையே கேளுங்க."

"உன் மகளா? அப்ப நீ..."

"ஆமா. நாலு வருஷமா உங்க குப்பையில வளையாத உடம்பு இதுதான்."

அவன் முகம் வெளிறியது. பார்க்க எனக்கு இனித்தது. இன்னும் கொஞ்சம் வெளிறட்டும் என்று நின்றேன்.

"பொய் அட்ரஸ் குடுத்து ஏமாத்தியிருக்கே! வெளிய போ!"

வின்னி கையுறையைக் கழற்றினாள். "அக்கா, நில்லு. நானும் வரேன்." எங்கள் சனத்தின் மற்ற மூவரும் அவளுக்குப் பின்னால் வந்தார்கள்.

போலந்துக்காரி அகாத்தா பட்டையை ஓட்டும் பொத்தானை முதுகால் மறைத்து நின்றாள். "மிச்சம் ஏழு பேரை வச்சு ஓட்டிடலாம்னு பாக்குறீங்களா? நாங்களும் தொட மாட்டோம்."

"எல்லாரையும் தொரத்திருவேன்!"

"தொரத்துங்க. குப்பையை நீங்களே பிரிங்க" என்று வின்னி கையுறையை நீட்டினாள். "போட்டுப் பாருங்க, அளவு சரியா இருக்கும்."

அதிகாரி அம்மாள் பேனாவை எடுத்தாள். என்ன எழுதினாளோ, கவுன்சில் எழுத்தை நம்பி நாங்கள் பிறக்கவில்லை. நாளைக்கு வேலை இருக்குமா என்பதும் தெரியாது. வாசலில் லாரிகள் ஹார்ன் அடிக்கத் தொடங்கின.

ஹேன்லி குரலைத் தாழ்த்தினான். "டெலியா, ஆபீசுக்கு வா. தனியாப் பேசிக்கலாம்."

"இங்கயே பேசுங்க. பன்னெண்டு பேருக்கும் கேக்கட்டும்."