தொண்ணூற்றேழிலிருந்து அறுபத்தெட்டுக்கு

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதை எனக்குத் திட்டு வாங்கியதில் கிடைத்தது. கண் அழுத்தப் பரிசோதனைக்குப் போக மறந்துவிட்டேன். மறுநாளே மருத்துவமனைப் பதிவறையிலிருந்து போன். "கண்ணு உங்களுதா, எங்களுதா? நாளைக்கு வந்து நிக்கறீங்க." போய் நின்றேன். அழுத்தம் ஏறியிருந்தது, சொட்டு மருந்தை மாற்றினார்கள். பதிவறை அக்காவுக்கு நன்றி சொல்லப் போனால், "எனக்கு எதுக்கு? ஒரு பொண்ணு மட்டும் வாயத் தொறக்கலைன்னா இந்தப் போனே நின்னிருக்கும்" என்றார்.

இனி வருவதில் அவர் சொன்னது பாதி, நான் இட்டுக்கட்டியது பாதி.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'தரவு அறிவியல் என்பது இந்த நூற்றாண்டின் மிகவும்...' வேண்டாம். பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

இரண்டாம் முயற்சி: தரவு அறிவியல் படிக்கும் கல்லூரி இறுதியாண்டு மாணவி ஒருத்தி. எதற்கெடுத்தாலும் வகுப்பில் கை தூக்குவதால் சிநேகிதர்கள் வைத்த பெயர் 'டவுட்டு'. அவள் அம்மா சீருடை தைப்பவர். "நர்ஸுக்கு ஒண்ணு, வாட்ச்மேனுக்கு ஒண்ணு தைக்கறேன். உன் வேலைக்கு என்னடி போடுவாங்க?" என்று கேட்பார். டவுட்டு சிரித்து மழுப்புவாள். என்ன படிக்கிறாள் என்று சொல்ல வரும்; தான் யார் என்று சொல்ல வராது. (கொஞ்சம் பிரசங்கம் அடிக்கிறது. இருக்கட்டும்.)

3

அவளும் வகுப்புத் தோழன் 'கேப்டனும்' அந்த மருத்துவமனையில் மூன்று மாதப் பயிற்சிக்கு வந்தார்கள். எந்த நோயாளி அடுத்த முறை வராமல் போவார் என்று கணினி முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு மட்டும் முதல் நாளே நினைவூட்டிவிட்டு, வராதவர்களைத் தேடிப் போன் செய்யும் வேலையை நிறுத்திவிடலாம் என்பது தலைமை மருத்துவரின் யோசனை. எல்லாம் சரியாக வந்தால் ஒருவருக்கு அங்கேயே வேலை. கேப்டன் மேற்படிப்புக்குப் போகிறவன். வேலை வேண்டியிருந்தது டவுட்டுக்குத்தான்.

பதிவறையின் பழைய பதிவேடுகளைக் கொடுத்துச் சோதித்ததில், கணினி தொண்ணூற்றேழு சதவீதம் சரியாகச் சொன்னது. எதையும் சந்தேகப்படுகிறவள் அன்று மட்டும் கை தூக்கவில்லை. பாராட்டு யாரைத்தான் விட்டது.

4

(முதல் வரைவில் பதிவறை அக்காவைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். திட்டு வாங்கிய கோபம். நன்றி கெட்டதனமாக இருந்ததால் அடித்துவிட்டேன்.)

மருத்துவரிடம் விளக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மதியம், டவுட்டு விடைபெற்றுக்கொள்ளப் பதிவறைக்குப் போனாள். அக்கா ஒரு கையில் போனும் மறு கையில் பேனாவுமாக இருந்தார்.

"அக்கா, பதிவேட்டுல இந்த 'அழைப்புக் குறிப்பு' கட்டத்த எப்ப எழுதுவீங்க?"

"வராதவங்களுக்குப் போன் போட்டதுக்கப்புறம்."

"வந்தவங்களுக்கு?"

"வந்தவங்களுக்கு எதுக்குடி போன்? காலியா விட்டுடுவேன்."

டவுட்டு அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள்.*

* விஷயம் இதுதான்: அந்தக் கட்டம் நிரம்பியிருந்தாலே ஆள் வரவில்லை என்று அர்த்தம். கணினி அதைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறது. நனைந்த சட்டையைப் பார்த்து, மழை வரப்போகிறது என்று சொன்ன சாமர்த்தியம்.

அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினாள். அறுபத்தெட்டு.

"விடு டவுட்டு, யாரு கேக்கப் போறா?" என்றான் கேப்டன். "வேலைல சேந்துட்டு மெதுவா சரி பண்ணிக்கோ."

"அதுக்குள்ள போன் பண்றத நிறுத்திடுவாங்கடா. கம்ப்யூட்டர் கோட்ட விட்டவங்கள அப்புறம் யாரு கூப்பிடுவா?"

யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். என்னையும்தான்.

5

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் மருத்துவர் முன் எழுந்து நின்றாள்.

"தொண்ணூத்தேழு தப்பு சார். நெஜம் அறுபத்தெட்டுதான். தயவுசெஞ்சு போன் பண்றத நிறுத்தாதீங்க."

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"பதிவறை அக்காகிட்ட கேட்டேன்."

"மூணு மாசமா அவங்க அடுத்த ரூம்லதானே இருந்தாங்க?"

"ஆமா சார். நான் கேக்கல."

"ரெண்டு பேருமே கேக்கல சார்" என்று கேப்டனும் எழுந்தான். இந்த வரி என் கற்பனை இல்லை, அக்கா சத்தியம் செய்தார். அதற்காகவே அவனை எனக்குப் பிடித்துவிட்டது.

மருத்துவர் கண்ணாடியைக் கழற்றினார். "வேலை விஷயம் நான் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார்.

6

முடிவு அ: மருத்துவர் நெகிழ்ந்துபோய்க் கைகுலுக்குகிறார். சினிமா. அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: வேலை போகிறது, அம்மா தையல் மிஷின்மேல் தலை சாய்த்து... அந்த அம்மா அழுகிற ரகமே இல்லை. அடித்துவிட்டேன்.

போன் நிற்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். வேலை கிடைத்ததா என்று அக்காவிடம் நான் வேண்டுமென்றே கேட்கவில்லை. அவளால் ஒரு கண்ணைக் காப்பாற்றிக்கொண்டவன் நான். தெரிந்தால் கதையை அவள் பக்கம் சாய்த்துவிடுவேன். மருத்துவரின் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை, நன்றாக யோசித்தே எழுதுங்கள்.

டவுட்டு அதற்காகக் காத்திருக்கவில்லை. "யோசிங்க சார்" என்று சொல்லிவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பதிவறைக்குப் போய்விட்டாள். இன்னும் பதினெட்டுக் கட்டங்கள் பாக்கி இருந்தன. ஒவ்வொன்றையும் யார், எப்போது எழுதுகிறார்கள் என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.