அத்தை கற்றுக்கொண்ட ஆட்டம்

"கையை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாருங்க, அத்தை," என்றான் மருமகன்.

அத்தையின் விரல் ராணியின் தலைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. முதுகுக்கு மூன்று தலையணைகளை அண்டக் கொடுத்து, மடிமேல் பெரிய தட்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் சதுரங்கப் பலகையை வைத்திருந்தான். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்கள் வீங்கியிருந்தன. இதயம் தாங்காது என்று டயாலிசிஸை நிறுத்தி எட்டு நாள் ஆகியிருந்தது. பத்து நாள் ஓடினால் பெரிது என்று டாக்டர் அன்றே அவனிடம் தனியாகத்தான் சொன்னார். முப்பது வருஷம் நர்ஸாக இருந்தவளுக்கு அதைத் தெரிந்துகொள்ள அவன் முகமே போதுமானதாக இருந்தது.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"உங்க காயைப் பாக்கறீங்க. நான் என்ன பண்ணப் போறேன்னு பாருங்க."

லிப்ட் ரிப்பேர் பார்க்கிறவனுக்கா என் பெண், என்று கேட்டவள் அத்தை. கல்யாணத்துக்கும் வரவில்லை. பிறகு வந்து போக இருந்தாலும், ஒன்பது வருஷமாக அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் எதிரிலேயே உட்கார்ந்திருப்பான். "அவரைச் சாப்பிடச் சொல்லு" என்பாள் மகளிடம்.

சிறுநீரகம் பழுதானதும் அவர்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் டயாலிசிஸ். மகளுக்குப் பகல் வேலை, அவனுக்கு மதிய ஷிப்ட். கூட்டிப்போகும் பொறுப்பு அவன் தலையில் விழுந்தது. முதல் வாரம் முழுக்க இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது வாரம் அவன் பையில் பலகையை எடுத்துப் போனான்.

ஆரம்பத்தில் அத்தை மூன்றாவது நகர்த்தலிலேயே ராணியை ஊர்சுற்ற அனுப்பிவிடுவாள். முதலில் குதிரையையும் மந்திரியையும் வெளியே கொண்டுவாருங்கள், ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள் என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். சும்மா கிடைக்கிற காயைக் கண்டால் அவளுக்குக் கை நிற்காது. ஒருநாள் சிப்பாயிடம் ராணியைப் பறிகொடுத்தபோது, "மாப்பிள்ளை, இது அநியாயம்!" என்று கத்தினாள். வார்டே திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை என்று அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவளும் ஒரு கணம் திகைத்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் காய்களை அடுக்க ஆரம்பித்தாள்.

பாவம் பார்த்து அவன் ஒரே ஒரு முறை தோற்றுப் பார்த்தான்.

"முப்பது வருஷம் நோயாளிங்ககிட்ட பொய் சொன்னவ நான். எங்கிட்டயேவா?" என்று பலகையைத் தள்ளிவிட்டாள்.

இப்போது விரலை எடுக்காமலே கேட்டாள். "இந்தச் சிப்பாயை ஏன் சும்மா விட்டு வெச்சிருக்கீங்க?"

பின்கட்டில் மனைவி துணி உதறும் சத்தம் கேட்டது. அத்தையின் பார்வை பலகையில் மெதுவாக ஊர்ந்து அவன் குதிரையிடம் வந்து நின்றது.

"ஓ… நான் இதை எடுத்தா இந்தக் குதிரையார் பாஞ்சு செக் வெப்பாரு. அப்படியே ராணியும் காலி. திருட்டு ஆட்டம்."

ராணியை விட்டுவிட்டு, ஓரத்துச் சிப்பாய் ஒன்றை ஒரு கட்டம் நகர்த்தினாள். "உங்க ஆட்டம்."

"பிரமாதம், அத்தை!" அவனுக்குக் குரல் உயர்ந்துவிட்டது.

"யோசிச்சு வைங்க. நான் கொஞ்சம் கண்ணை மூடிக்கறேன்." மூச்சு வாங்கியது. "அவகிட்ட இன்னைக்குச் சொல்லிடுங்க. நீங்கதான் சொல்லணும்."

பலகையை ஆடாமல் தூக்கி ஜன்னலோர மேஜைமேல் வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனான். மனைவி கொடியில் தலையணை உறையைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் அன்னைக்கு…"

"தெரியும்," என்றாள் அவள். "அம்மா அன்னைக்கே சொல்லிட்டா. அவரா சொல்றவரைக்கும் நீ கேட்டுடாத, மனுஷன் தனியா சுமந்துக்கிட்டுத் திரியறார்ன்னு சொன்னா."

அவன் ஈரத் துணிக் கூடையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஒரு துண்டின் முனையை அவன் கையில் கொடுத்தாள். இரண்டு பேருமாகப் பிழிந்தார்கள்.

நாலு மணிக்கு மேல் அத்தையின் மூச்சுக்கு நடுவே இடைவெளி நீண்டது. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் கால்மாட்டில் உட்கார்ந்து பாதங்களில் கை வைத்துக்கொண்டான். ஒரு இடைவெளி முடியவே இல்லை.

மறுநாள் எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது, மனைவியின் சித்தி அறையை ஒழித்துக்கொண்டிருந்தாள்.

"இதைக் கொட்டி டப்பாவுல போட்டுடவா, மாப்பிள்ளை?"

"இருங்க சித்தி."

மேஜையருகே குனிந்து பார்த்தான். அவன் முறை. வெகுநேரம் பார்த்தபிறகுதான் பிடிபட்டது. அத்தையின் ஓரத்துச் சிப்பாய் நகர்ந்ததில் அவன் மந்திரிக்கு வழி அடைபட்டிருந்தது. எங்கே போனாலும் வெட்டு. நின்றாலும் வெட்டு. தெரிந்துதான் வைத்தாளா என்று கேட்க ஆளில்லை.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவளுக்குக் காய்களின் பெயர்கூடத் தெரியாது.

"யாரு ஜெயிக்கறா?"

"அத்தை."



அந்த மேஜை கூடத்துக்கு வேண்டும் என்று யாரோ வந்து கேட்டார்கள். அவன் பலகையை இரண்டு கையாலும் அடியோடு தாங்கி, ஒரு காயும் அசையாமல் தூக்கினான். மனைவி முன்னால் நடந்து, ஒவ்வொரு கதவாகத் திறந்து பிடித்துக்கொண்டு போனாள்.