நல்ல நாளை மட்டும் எழுதிய படிவம்

அரசு அலுவலக வாசலில், நகலெடுக்கும் கடைக்கும் வண்டி நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார் அவர். மனு எழுதித் தருவது, படிவம் நிரப்பித் தருவது, எங்கே கையெழுத்து, எங்கே கைநாட்டு என்று காட்டிக் கொடுப்பது. இருபது வருடமாக இதுதான் பிழைப்பு. சொந்தப் பெயர் இருந்தது. யாரும் கூப்பிடாததால் அவருக்கே அது அந்நியமாகிவிட்டது. எல்லோருக்கும் அவர் மனுக்காரர்.

அன்று காலை சக்கர நாற்காலிக்கு மனு போட வந்த ஒரு பெரியவரைக் கேள்விகளால் துளைத்துக்கொண்டிருந்தார்.

"கால் வலின்னு மட்டும் போட்டா எப்படிங்க? எழுந்து நிக்க ஆள் வேணும்னு இப்பதானே சொன்னீங்க?"

"அதைப் போயி எழுதணுமா தம்பி? வெக்கமா இருக்கு."

"வெக்கப்பட்டா நாற்காலி வராது. இருக்கறதைக் கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைச்சும் சொல்ல வேண்டாம். உள்ளே உக்காந்திருக்கறவங்களுக்கு உங்க முகம் தெரியாது. இந்தத் தாள்தான் தெரியும்."

தான் எழுதிய மனு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதில் மனுக்காரருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஊருக்கெல்லாம் சொன்ன இந்த அறிவுரை சொந்த வீட்டு வாசலோடு நின்றுபோனதுதான் கொடுமை.

அவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள். அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பு ஆசிரியை அவரையும் அவர் மனைவியையும் பள்ளிக்கு அழைத்தார். சுற்றி வளைக்காத பெண்மணி.

"வாயால கேட்டா எல்லாத்துக்கும் பதில் சொல்றா. புத்தகத்தைக் கொடுத்தா திணறுறா. இது சோம்பேறித்தனம் இல்லை, வாசிக்கிறதுலயே ஏதோ சிரமம் இருக்கு. கல்வி அலுவலகத்துல மதிப்பீடு பண்ணுவாங்க. தேவைன்னு முடிவானா தினமும் ஒரு மணி நேரம் தனி ஆசிரியர் வருவாங்க. சின்ன வயசுல பிடிச்சுட்டா நல்லா தேறிடுவா."

சொல்லிவிட்டு ஏழு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். தையற்கூடத்தில் காலர் வெட்டும் வேலை பார்த்த மனைவிதான் இரவுச் சமையலின்போது வாயைத் திறந்தாள்.

"என்னங்க, முடியாது முடியாதுன்னு எழுதிக் கொடுத்தா பொண்ணைத் தனியா ஒதுக்கி வச்சுடுவாங்க. நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்க?"

"நான் பாத்துக்கறேன்" என்றார் மனுக்காரர்.

பார்த்துக்கொண்டார். 'குழந்தை தனியாக வாசிக்குமா?' என்ற கேள்விக்கு, 'வாசிக்கும். சற்று நேரம் எடுத்துக்கொள்ளும்' என்று எழுதினார். 'கரும்பலகையைப் பார்த்து எழுதுமா?' 'எழுதும்.' 'பள்ளிக்குச் செல்ல விரும்புகிறதா?' 'மிகவும்.' ஒன்றும் அப்பட்டமான பொய் இல்லை. என்றோ ஒரு நல்ல நாளில் குட்டி இதையெல்லாம் செய்தவள்தான். அந்த ஒரு நாளை எடுத்து ஏழு பக்கத்துக்கும் பூசி மெழுகிவிட்டார். கையெழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

மதிப்பீட்டுக்குப் பாடப்புத்தகத்தையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். விடுவார்களா? இரண்டு வாரம், காலையும் மாலையும், ஒரே பாடத்தை மனைவி சொல்லச் சொல்ல குட்டி ஒப்பித்தாள். கேட்டதை மறக்காத பிள்ளை. பத்தாம் நாளே முழுப்பாடமும் மனப்பாடம்.

மதிப்பீட்டு நாளன்று கல்வி அலுவலகத்தில் இருபது குழந்தைகள் வரிசையில் இருந்தார்கள். குட்டியின் முறை வந்ததும் அம்மாவே பக்கத்தைத் திறந்து வைத்தாள். குட்டி கடகடவென்று சொன்னாள். அடுத்த பக்கத்தின் இரண்டு வரிகளை, பக்கத்தைத் திருப்பாமலே சொல்லிவிட்டாள். படிவத்தில் எதையோ குறித்துக்கொண்டிருந்த பெண் அதிகாரி கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள். சத்தமில்லாமல் கையை நீட்டிப் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. 'சிறப்பு உதவி தற்போது தேவையில்லை.' மனுக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம். அதற்காகத்தான் அவர்கள் அன்று சந்தோஷப்பட்டார்கள். பரீட்சையில் ஜெயித்துவிட்டதாக மகளைத் தூக்கிச் சுற்றினார். அவளும் சிரித்தாள், பாவம்.

அந்த ஆசிரியை மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் கோப்பைப் பார்த்தார். சிறப்பு உதவி தேவையில்லை என்று அரசாங்கமே சொல்கிறது. அப்படியானால் இது கொழுப்பு. பின்வரிசைக்குப் போனாள் குட்டி. மதிப்பெண் தாளைப் பார்த்து மனுக்காரரும் சும்மா இருக்கவில்லை.

"ஆபீசர் முன்னால அவ்வளவு நல்லா படிச்சே. இப்ப என்ன கேடு? உடம்பு வணங்கலை உனக்கு."

தானே ஆடிய நாடகத்தைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தார் மனிதர். பள்ளி நாட்களில் குட்டிக்குக் காலையில் வயிறு வலித்தது. விடுமுறையில் வலிக்கவில்லை. அதையும் நடிப்பு என்றார்கள்.

ஐந்தாம் வகுப்புத் தேர்வில்தான் எல்லாம் உடைந்தது. பக்கத்துப் பிள்ளையின் விடைத்தாளை எழுத்து எழுத்தாகப் பார்த்து வரைந்த குட்டி, மேலே இருந்த அந்தப் பிள்ளையின் பெயரையும் சேர்த்து வரைந்துவிட்டாள். ஆசிரியர் அதை வகுப்பில் உயர்த்திக் காட்ட, நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள். மறுநாள் அவள் படுக்கையை விட்டு எழவில்லை. திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மனுக்காரர் மேசையைப் பூட்டிவிட்டுக் கல்வி அலுவலகத்துக்கு ஓடினார். மதிப்பீடு செய்த அதே அதிகாரிதான் இருந்தார். பழைய கோப்பை எடுத்துப் பிரித்து மனுக்காரர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"இது யாரு எழுதினது?"

"நான்தாங்க."

"பெத்தவங்க எழுதறதை நம்பித்தாங்க நாங்க ஆரம்பிக்கிறோம். நானும் அன்னிக்கு இன்னும் கொஞ்சம் நேரம் எடுத்துப் பாத்திருக்கணும், அந்தத் தப்பு என்னுது. ஆனா நீங்க ஒரு வரி உண்மையை எழுதியிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"இப்ப மறுபடி எழுதிக் கொடுத்தா அந்தத் தனி டீச்சர் வருவாங்களா மேடம்?"

அதிகாரி கோப்பை மூடி வைத்தார். "அந்த வாசிப்புப் பயிற்சி அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தாங்க. உங்க முறை வர எட்டு மாசம் ஆகும். அதுக்குள்ள பொண்ணு ஆறாவது போயிடுவா. பரீட்சைக்குக் கூடுதல் நேரம் வாங்கித் தரலாம், கேள்வியைப் படிச்சுக் காட்ட ஒரு ஆளைப் போடலாம். இனி அவ்வளவுதான் என்னால முடியும்."

ஊரில் யார் யாருக்கோ எதை எதையோ வாங்கிக் கொடுத்த கை, பெற்ற மகளுக்குக் கிடைக்கவிருந்ததைத் தடுத்துவிட்டது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "நான்தானேங்க பக்கத்தைத் திருப்பினேன்" என்று ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மறுநாள் பரீட்சைச் சலுகைக்கான புதுப் படிவத்தோடு மகள் அருகே போய் உட்கார்ந்தார். இந்த முறை பதிலை அவராக எழுதவில்லை. ஒவ்வொரு கேள்வியாக வாசித்து அவளிடமே கேட்டார். இரண்டு வருடத்தில் அவர்கள் செய்யாத ஒரே காரியம் அதுதான்.

குட்டி மெதுவாகச் சொன்னாள். "ஒரு வரி முடிச்சு அடுத்த வரிக்கு வந்தா எங்க விட்டேன்னு தெரியாதுப்பா. பழையபடி அதே வரியைப் படிப்பேன். டீச்சர் படிக்கச் சொன்னா, பாத்ரூம் வருதுன்னு சொல்லிட்டுப் போயிடுவேன்."

அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். குட்டி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எழுதினா உங்களுக்கு அசிங்கமா இருக்காதாப்பா?"

பேனா நின்றது. கதவோரம் நின்ற மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இல்லைடா" என்றார் மனுக்காரர். "அப்ப இருந்துச்சு. அதுக்குப் பயந்துதான் உனக்கு ஒண்ணும் இல்லைன்னு எழுதிட்டேன். என் மானத்தைக் காப்பாத்தப் போயி உன் ரெண்டு வருஷத்தைத் தொலைச்சுட்டேன். பிள்ளையால முடியாததை முடியலைன்னு வெளியே சொல்றதுல பெத்தவங்களுக்கு ஒரு அவமானமும் இல்லை, குட்டி. அதை மூடி மறைச்சா, அதுக்குக் கிடைக்க வேண்டிய உதவியையும் சேர்த்துத்தான் மறைக்கிறோம். அது எனக்குப் புரிய இவ்வளவு நாள் ஆயிடுச்சு."

அவள் கொஞ்சம் நகர்ந்து வந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கேள்விகள் மிச்சம் இருந்தன. 'குழந்தையின் சிரமத்தை முதலில் எப்போது அறிந்தீர்கள்?' இரண்டு வருடத்துக்கு முந்தைய தேதியை, உள்ளது உள்ளபடி எழுதினார்.

'அறிந்ததும் என்ன செய்தீர்கள்?'

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையசைத்தாள். 'மறைத்தோம்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.