ஞாயிறு நீங்கலாக

இரண்டு சர்வர்களில் எதை வாடகைக்கு எடுப்பது என்பதைத் தெலேசியா தன் அக்காவின் வயிற்றை மனதில் வைத்துத்தான் முடிவு செய்தாள். வேறு எதையாவது மனதில் வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அக்கா கலோலைனே டோங்காவில் ஹாஅபாய்ப் பக்கத்துச் சின்னத் தீவு ஒன்றில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, இனி இல்லை என்று எல்லோரும் கைகழுவிய வயதில் மறுபடி உண்டாகியிருந்தாள். அந்தத் தீவில் டாக்டர் கிடையாது. ஃபுசி என்கிற நர்ஸ் மட்டும் உண்டு. ஃபுசி ஸ்கேன் கருவியை வயிற்றின்மேல் நகர்த்துவாள். தலைநகரம் நூகுஅலோஃபாவில் உட்கார்ந்திருக்கும் டாக்டர் அந்தப் படத்தைத் தன் திரையில் பார்த்து, இன்னும் கீழே, கொஞ்சம் இடது பக்கம் என்று சொல்வார். நடுவில் அந்தப் படம் கடல் தாண்டி ஒரு வாடகை சர்வருக்குப் போய்த் திரும்பி வரும். பக்கத்துத் தீவுக்குப் போக வெளிநாடு போய் வருவதா என்று கேட்கலாம். இங்கே பிடித்த மீனே டப்பாவில் அடைபட்டுத் திரும்பி வருகிற ஊரில் யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அந்தச் சர்வரைப் பார்த்துக்கொள்வது சோசையாவின் ஆபீஸ். நாலு பேர் வேலை பார்க்கிற இடம். அதில் தெலேசியாதான் லைன் வேலைக்கெல்லாம் பொறுப்பு. இதுவரை இருந்தது சிட்னியில் ஒரு சர்வர். அதன் வழி குறுகல், ஆனால் அவர்களுக்கென்றே ஒதுக்கியது. படம் எப்போதும் ஓடும், எப்போதும் மங்கலாக ஓடும். அக்காவின் குழந்தை அதில் தவிட்டு மூட்டை மாதிரி தெரிந்தது. வாடகைக் காலம் முடியப்போகிறது என்றதும் தெலேசியா ஆக்லாந்தில் இன்னொன்றைப் பிடித்தாள். பத்து மடங்கு அகலமான வழி என்று விளம்பரம் சொன்னது. விளம்பரத்தை நம்புகிறவள் இல்லை அவள். இரண்டையும் மணிக்கொரு தரம் தானாகவே அளக்கும்படி ஏற்பாடு செய்தாள். ஒரு நொடியில் எவ்வளவு போகிறது, போய்த் திரும்ப எவ்வளவு தாமதம், அனுப்பியதில் எத்தனை துண்டு வழியில் தொலைகிறது என்று மூன்று கோடுகள் அவள் திரையில் வளர்ந்தன. ஆக்லாந்தின் கோடுகள் மேசை மாதிரி தட்டையாக இருந்தன. ஒரு துண்டுகூடத் தொலையவில்லை.

ஆபீஸில் மாக்கா என்று ஒரு பையன். ஆக்லாந்தில் பிறந்து வளர்ந்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு டோங்காவுக்கு வந்தவன். அவனை எல்லோரும் பலாங்கி, வெள்ளைக்காரன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கோடுகளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

"எல்லா வாரத்துலயும் ஒரு நாள் பல்லு விழுந்த மாதிரி இருக்கே. அது என்ன?"

"ஞாயித்துக்கிழம," என்றாள் தெலேசியா.

"ஏன் அளக்கல?"

பதில் சொன்னது சோசையா. ஆபீஸுக்கு முதலாளி, தேவாலயத்துக்கு மூப்பர். இரண்டில் எது பெரிய பதவி என்று கேட்டால் முறைப்பார். "ஏரோப்ளேன் பறக்காது. கட தொறக்காது. கடல்ல ஒருத்தன் தூண்டில் போட்டா போலீஸ் வரும். நம்ம ஆபீஸ் மெஷின் மட்டும் ஞாயித்துக்கிழம வேல பாக்கணுமாடா, பலாங்கி?"

"மெஷினுக்கு என்ன மாமா? அதுவா வந்து சர்ச்சுல உக்காரப் போகுது?"

"நீயே வந்து உக்கார மாட்டேங்கற. அதப் போயி சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். தெலேசியாவும் சிரித்தாள். ஞாயிறு நீங்கலாக என்று ஏற்பாட்டில் எழுதியது அவள் கைதான். யாரும் சொல்லித் தரவில்லை. சனிக்கிழமை மாலையே அடுப்புக்கு விறகும் கிழங்கும் எடுத்துவைக்கிற கை அது, தானாகவே எழுதிவிட்டது.

மாக்கா விடவில்லை. "அக்கா, இந்த ஆக்லாந்து மெஷின் உங்களுக்கு மட்டும்தான், சரி. ஆனா அதுலேர்ந்து வெளிய போற வழி அந்தக் கட்டடத்துல இருக்கற எல்லா மெஷினுக்கும் பொது. வீடு தனி, தெரு பொது."

"தெரு காலியாத்தான் கெடக்கு. ஒரு மாசமா பாக்கறேன். எங்கக்கா புள்ளயோட மூக்கு தெரியணும்டா எனக்கு."

மூக்கு தெரிந்தது. ஆக்லாந்துக்கு மாறிய முதல் ஸ்கேனில் குழந்தை கட்டை விரலை வாயில் வைத்துக்கொண்டு புரண்டது. கலோலைனே அழுதாள். இந்தப் பக்கம் தெலேசியாவும் அழுதாள். டாக்டர் திரையைத் தட்டிப் பார்த்து, இது நம்ம லைன்தானா என்றார். சிட்னி சர்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

சோசையாவுக்கு அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. அவர்கள் தேவாலயத்து ஆராதனையை ஆக்லாந்து, சிட்னி, அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிற சொந்தங்கள் வாரா வாரம் நேரலையில் பார்ப்பார்கள். படம் பாதி ஜெபத்தில் நின்றுவிடும். தெலேசியாவின் அத்தை மெலெனைதே ஆக்லாந்தில் வாரத்தில் பாதி நாள் டயாலிசிஸ் ஊசியோடு படுத்திருப்பவள். அவள் போன் போட்டுத் திட்டாத திங்கட்கிழமை கிடையாது. அப்பாவின் அக்கா. அந்தக் குடும்பத்தில் அவள் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

தெலேசியா தேவாலயத்துக்கும் அதே கட்டடத்தில் ஒரு சர்வர் எடுத்துக் கொடுத்தாள். விஷயம் பரவியது. பக்கத்துத் தெரு சபை கேட்டது, அடுத்த ஊர் சபை கேட்டது. வேறு வேறு பிரிவு, ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத மூப்பர்கள், ஆனால் இந்த ஒரு காரியத்தில் எல்லோரும் அவளிடம் வந்தார்கள். "நான் அளந்து பாத்துட்டேன், கண்ண மூடிட்டு எடுங்க," என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பெருமையாகத்தான் சொன்னாள். தலைநகரத்துச் சபைகளெல்லாம் ஒரே தெருவுக்குக் குடி போயின. எல்லோருக்கும் ஆராதனை ஒரே நாளில், ஒரே வேளையில் என்பது அவளுக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்ததை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கலோலைனே செவ்வாய்க்கிழமைப் படகில் தலைநகரம் வந்து, பிரசவம் வரை தங்குவதாக ஏற்பாடு. அதற்கு முந்தைய ஞாயிறு அவளுக்கு இரத்தம் போக ஆரம்பித்தது.

தெலேசியா பாடகர் வரிசையில் நின்று பாடிக்கொண்டிருந்தாள். காலடியில் இருந்த பையில் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. மூன்றாம் தடவை அவள், ஆராதனைக்கென்று இடுப்பில் சுற்றியிருந்த பாயைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு இறங்கி வெளியே போனாள். முதுகில் பத்து ஜோடிக் கண்கள் குத்தின.

"தெலேசியா, படம் நிக்குது," என்றாள் ஃபுசி. குரலில் பயம் தெரிந்தது. "டாக்டருக்கு ஒண்ணுமே தெரியலயாம். கட்டம் கட்டமா வருதாம், அப்பறம் அதுவும் நின்னு போகுதாம்."

"அக்கா எப்படியிருக்கா?"

"போகுதும்மா, நிக்கவே இல்ல. உள்ள ரத்தம் கட்டியிருந்தா உடனே போலீஸ் படக அனுப்பறேங்கறாரு டாக்டர். கட்டலேன்னா படகுல குலுக்கறதே ஆபத்தாம், அசைக்காதேங்கறாரு. படத்தப் பாத்தாத்தான் சொல்ல முடியுமாம். ஏதாவது பண்ணு."

போனிலேயே சர்வருக்குள் போனாள். அவர்கள் மெஷின் சும்மா இருந்தது, எந்தக் கோளாறும் இல்லை. அதன் வாசலைத் தாண்டியதும் பாதித் துண்டுகளுக்கு மேல் தொலைந்துகொண்டிருந்தன. அந்தக் கோட்டை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. தெருவிலிருந்த தேவாலயங்களெல்லாம் பாடிக்கொண்டிருந்தன. இடது பக்கம் ஒன்று, எதிரே ஒன்று, தென்னைகளுக்கு அப்பால் இன்னொன்று. வழியை அடைத்துக்கொண்டு நிற்பது யார் என்று பாட்டைக் கேட்டாலே தெரிந்தது.

உள்ளே ஓடிக் கேமராவுக்குப் பின்னால் இருந்த ஒளிபரப்புப் பெட்டியின் ஸ்விட்சை அணைத்தாள். அடுத்த சபையின் மூப்பருக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தார். அடுத்தவர், அணைத்து வைத்திருந்தார். டோங்காவில் அந்த வேளையில் போனை எடுக்கிறவன் யார்? அவள் கையிலிருந்த போன் அடித்தது. ஃபுசி என்று நினைத்து எடுத்தாள்.

"ஏண்டி, படம் போயிடுச்சு," என்றாள் மெலெனைதே அத்தை. "பிரசங்கம் இப்பதான் ஆரம்பிச்சாரு. என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே நீ?"

"அத்தே, வைங்க. அக்காவுக்கு முடியல."

எதிர்த் தேவாலயத்து வாசலுக்கு ஓடினாள். வாசலில் நின்ற பெரியவர் கையை நீட்டி மறித்தார். தலை கலைந்து, முகம் வியர்த்து அவள் நின்ற கோலம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஒளிபரப்ப நிறுத்தணும், ஐயா. எங்க அக்கா சாகக் கெடக்கறா."

"அழாதம்மா. ஜெபம் நடக்குது. முடிஞ்சதும் உங்க அக்காவுக்காகவும் ஜெபிக்கச் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. ஒளிபரப்புக்கும் ஒரு தீவில் கிடக்கிற பெண்ணுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கு எப்படி விளங்கும்? அவள் அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், முந்நூறு பேர் பார்க்க வயரைப் பிடுங்கினாள். அங்கிருந்து அடுத்ததற்கு ஓடினாள். அங்கே கேமரா மேல்மாடத்தில் பூட்டிய அறைக்குள் இருந்தது. சாவி பாடகர் வரிசையில் யாரிடமோ இருந்தது. அவள் கதவை அடித்துக்கொண்டே இருந்தாள். கீழே பாட்டு நிற்கவில்லை.

ஆராதனைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஜனங்கள் லூ என்கிற இலைப்பொதி இறைச்சியும் கிழங்கும் வெந்து காத்திருக்கிற வீடுகளுக்குக் கிளம்பினார்கள். தெரு காலியாயிற்று. அப்போது படம் வந்தது, கண்ணாடி மாதிரி வந்தது. உள்ளே இரத்தம் கட்டியிருந்தது பளிச்சென்று தெரிந்தது. டாக்டர் உடனே படகை அனுப்பினார். கலோலைனே அந்தப் படகிலேயே, கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் போய்விட்டாள். குழந்தை அவளுக்கு முன்பே போயிருந்தது. பெண் குழந்தை.

சோசையா அவளைத் திட்டவில்லை. பந்தலில் வந்து உட்கார்ந்து, "நானும்தான் சொன்னேன் ஞாயித்துக்கிழம வேணாம்னு," என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதார். மாக்கா கிழங்கு சுமந்தான், பாய் விரித்தான். அவன் வாய் திறந்து, அப்பவே சொன்னேனே என்று கேட்டிருந்தால் தெலேசியாவுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

புதன்கிழமை அடக்கம். மூத்தவள் செத்தால் தங்கை முடி வெட்டிக்கொள்ள வேண்டும், அதைச் சொல்ல வேண்டியவள் அத்தை. மெலெனைதே அத்தை ஊசியும் குழாயுமாகக் கிடப்பதால் வர முடியவில்லை. "சர்ச் கேமரா முன்னாடி உக்காந்து வெட்டிக்கச் சொல்லு, நான் பாக்கணும்," என்று சொல்லி அனுப்பியிருந்தாள். தெலேசியா துக்கத்துக்குக் கட்டுகிற கிழிந்த பெரிய பாயை மார்பு வரை சுற்றிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தாள். படகில் கூடவே வந்திருந்த ஃபுசி கத்தரிக்கோலைப் பிடித்தாள்.

எல்லாம் முடிந்து, மண் தள்ளி, பூ வைத்தபிறகு அத்தை போனில் கூப்பிட்டாள். அழுது அழுது குரல் கரகரத்திருந்தது.

"பாத்தேன்டி. அவ மொகத்த நல்லாப் பாத்தேன். பக்கத்துலயே நின்ன மாதிரி இருந்துச்சு. உன் முடி ஒவ்வொண்ணா விழறதுகூடத் தெரிஞ்சுது. ஒரு எடத்துலயும் படம் நிக்கல."

"சரி, அத்தே."

"இந்த லைன் நீ அளந்து எடுத்துக் குடுத்ததுதானாமே. சோசையா சொன்னான். நல்லதாத்தான் பாத்து எடுத்திருக்கே."

தெலேசியா வெட்டிய முடியை ஒரு துணியில் வைத்து முடிந்துகொண்டிருந்தாள்.

"புதன்கிழம நல்லாத்தான் இருக்கும், அத்தே," என்றாள்.