டீசல் குடிக்கிற கால்

லாரியை மாற்றலாமா வேண்டாமா என்று அந்த வீட்டில் மூன்று மாதமாகப் பேச்சு. பேச்சு என்றால் மகன் பேசுவான், அவன் அப்பா தலையாட்டுவார், முட்டைக்காரி கையிலிருக்கும் பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். அத்தோடு அன்றைய கூட்டம் கலையும்.

முட்டைக்காரி என்பது அவளாக வைத்துக்கொண்ட பெயரில்லை. இருபத்து நாலு வருஷமாகப் பண்ணையிலிருந்து நகரத்துக் கிடங்குக்கும் கடைகளுக்கும் முட்டை கொண்டுபோகிறவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? லாரியை ஓட்டுவதும் அவளேதான். செங்கல் ஏற்றினவன் பள்ளத்தில் விட்டால் முதுகு வலிக்கும், அவ்வளவுதான். முட்டை ஏற்றினவன் விட்டால் கடைக்காரர் ஒவ்வொரு தட்டாகத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஈரமாக இருப்பதையெல்லாம் மூஞ்சிக்கு நேராகத் திருப்பி நீட்டுவார். முட்டைக்காரியிடம் அப்படி நீட்டியவர்கள் குறைவு. அவள் வண்டி வந்தால் சில கடைக்காரர்கள் தட்டைத் தூக்கிக்கூடப் பார்ப்பதில்லை.

அப்படிப்பட்டவளைப் பார்த்துத்தான் மகன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அதைச் சொன்னான்.

"அம்மா, நம்ம வண்டி லிட்டருக்கு மூணரை கிலோமீட்டர் குடுக்குது. இதே வயசு வண்டி மத்தவங்ககிட்ட நாலரை குடுக்குது. அந்த ஒண்ணு எங்க போகுது? உன் கால்ல போகுது. உன் கால் டீசல் குடிக்குதும்மா."

முட்டைக்காரி சாப்பிடுவதை நிறுத்தினாள். "என் காலா?"

"ரெண்டு வருஷமா தினமும் மீட்டரைப் பாத்து போன்ல எழுதி வச்சிருக்கேன். சும்மா சொல்லல. புது மாடல் எடுத்தா அஞ்சுக்கு மேல குடுக்கும். ஓட்டறதுக்கும் என் ஃப்ரெண்டுகிட்ட பேசிட்டேன். அவன் வந்துடுவான். நீ இனிமே வீட்ல நிம்மதியா உக்காரு."

நிம்மதியாம்! உட்கார்ந்தே கிடக்க அவள் என்ன வீட்டுக்கு வாங்கிப்போட்ட நாற்காலியா? வயது ஐம்பத்து மூன்று. போன வருஷம்தான் லைசென்ஸைப் புதுப்பித்தாள். கண் டாக்டர், உங்க பையனை விட உங்களுக்குப் பார்வை நல்லா இருக்கு என்று எழுதாத குறையாகச் சொல்லி அனுப்பினார்.

லாரி போனால் போகட்டும். லாரியோடு சேர்த்து ஸ்டியரிங்கும் கையை விட்டுப் போகிறதே, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. காலை ஐந்து மணிக்கு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினால் அவள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எந்தத் தெருவில் திரும்புவது, எங்கே நின்று டீ குடிப்பது, எவனுக்கு ஹார்ன் அடிப்பது எல்லாம் அவள் ராஜ்ஜியம். அதை ஒரு போன் கணக்கைக் காட்டிப் பிடுங்கப் பார்க்கிறான் பெற்ற பிள்ளை. ஆனால் ஸ்டியரிங் வேண்டும் என்று கேட்டால் கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடும். கெஞ்சுவது அவள் பழக்கத்தில் இல்லை. ஆகவே, "என் வண்டியை எவனும் தொடக்கூடாது" என்று மூன்று மாதம் கத்தினாள்.

கத்திக் கத்தி அலுத்துப்போய் ஒரு நாள், "சரி, வா, அந்தப் புது வண்டியைப் பாத்துடலாம்" என்றாள். மகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தான். அம்மாவைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஷோரூமில் லாரி கண்ணாடி மாதிரிப் பளபளவென்று நின்றது. ஷோரூம்காரர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தபடி அதைச் சுற்றிச் சுற்றி வந்து புகழ்ந்தார். மாமியார் முன்னால் மாப்பிள்ளையைப் புகழ்கிறவர் தோற்றார். கடைசியில், "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கறீங்களா மேடம்? எங்க டிரைவர் கூட்டிட்டுப் போவார்" என்றார்.

"காலி வண்டில ரவுண்டு போய் என்ன தெரியும்? முட்டை ஏத்துங்க."

"மேடம், சீட்ல போட்ட பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கல."

"சீட்லயா முட்டை ஏத்தப் போறோம்?" என்றாள் முட்டைக்காரி. "நாளைக்குக் காலைல பண்ணைக்கு வரட்டும். உங்க வண்டிக்கும் என் வண்டிக்கும் ஒரே எண்ணிக்கை தட்டு. ஒரே ரோடு. கிளம்பறப்ப ரெண்டு டேங்கும் கழுத்து வரைக்கும் ரொப்பணும். திரும்பி வந்து அதே பங்க்ல மறுபடி ரொப்பணும். எது எவ்வளவு குடிச்சிருக்குன்னு அங்கயே தெரிஞ்சுடும். உங்க வண்டிய உங்க டிரைவரே ஓட்டட்டும். என் வண்டிய நான் ஓட்டறேன்."

மாதக் கடைசி. ஷோரூம்காரருக்கு இன்னும் ஒரு வண்டி விற்றாக வேண்டும். ஒப்புக்கொண்டார்.

மறுநாள் ஆறு மணிக்குப் பங்கில் ஊர்த் திருவிழா போல ஆள் நின்றது. அவள் வீட்டுக்காரர் மெக்கானிக். வேலை ஆயிரம் செய்வார், வார்த்தை ஒன்று பேசமாட்டார். டேங்கில் காற்று தங்கக்கூடாது என்று தோளைக் கொடுத்து இரண்டு வண்டியையும் ஆட்டி ஆட்டி நிரப்ப வைத்தார். பங்க் ஆள் தளும்பும்வரை ஊற்றினான். மகன் இரண்டு மீட்டரையும் போனில் படம் பிடித்துக்கொண்டான்.

புது வண்டி முன்னால் சீறிக்கொண்டு போனது. கம்பெனி டிரைவர் இளவட்டம். பாலத்தடியில் ஒரு மிதி மிதித்து, மேலே ஏறியதும் ஒரு பிரேக் போட்டான். சிக்னல் சிவப்பாக இருப்பது கால் மைல் தூரத்திலேயே தெரிகிறது, அதுவரைக்கும் விரட்டிக்கொண்டு போய் அங்கே மறுபடி ஒரு பிரேக். பின்னால் வந்த முட்டைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள். சிக்னல் என்ன ஓடியா போய்விடும்? அவள் தூரத்திலேயே காலை எடுத்துவிடுவாள். வண்டி தானாக நடந்து போய்ச் சேரும்போது பச்சை விழும். வேகத்தடையில் அவள் வண்டி ஏறி இறங்குவது பின்னாலிருக்கும் தட்டுகளுக்குத் தெரியாது.

கிடங்கில் தட்டுகளை இறக்கினார்கள். அவள் வண்டியில் உடைந்தது இரண்டே இரண்டு முட்டை. புது வண்டியில் நாலு தட்டு ஒழுகியது.

"ரோடு சரியில்லைங்க" என்றான் கம்பெனி டிரைவர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள் முட்டைக்காரி. "ஏம்ப்பா, எனக்கு மட்டும் வேற ரோடா போட்டு வச்சிருந்தாங்க?"

பத்து மணிக்குப் பங்குக்குத் திரும்பினார்கள். மெக்கானிக் மறுபடி ஆட்ட, பங்க் ஆள் மறுபடி தளும்ப ஊற்றினான். புது வண்டிக்கு இருபத்தோரு லிட்டர் பிடித்தது. பழையதுக்கு இருபத்தைந்து. மகன் போனில் தட்டிக் கணக்குப் போட்டான். அவன் முகம் மலர்ந்தது.

"புது வண்டி ஓடினது நூத்திப் பன்னெண்டு. லிட்டருக்கு அஞ்சு புள்ளி மூணு. நம்ம வண்டி எண்பத்தெட்டு. மூணரை. பாத்தியாம்மா? நான் சொன்ன அதே மூணரை! உன் கால்தான்."

முட்டைக்காரி தன் பழைய வண்டியைத் திரும்பிப் பார்த்தாள். தானே கேட்டு வாங்கிய பந்தயம். இவ்வளவு பேர் முன்னால் தோற்றுப்போனோமா? அப்புறம்தான் அந்த எண்பத்தெட்டு அவள் காதில் சரியாக விழுந்தது.

"இரு இரு. எண்பத்தெட்டா? அவன் வண்டி பின்னாலயேதானே போனேன், பின்னாலயேதானே வந்தேன்? அவனுக்கு நூத்திப் பன்னெண்டுன்னா எனக்கு எப்படி எண்பத்தெட்டு? நடுவுல நான் பறந்தா போனேன்?"

பங்க் ஆள் டீசல் குழாயைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றான். மெக்கானிக் மட்டும் கையிலிருந்த அழுக்குத் துணியால் சுத்தமாக இருந்த கையைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"உங்களைத்தான்" என்றாள் முட்டைக்காரி.

"அது... நம்ம மீட்டர் பல வருஷமா செத்துக் கிடந்துச்சு இல்ல? ரெண்டு வருஷத்துக்கு முந்தி, இவன் கணக்கு எழுதணும்னு கேட்டப்ப, பழைய சாமான் கடைல ஒண்ணு கிடைச்சுது. எடுத்து மாட்டினேன்."

"எந்த வண்டியோடது?"

"சின்ன வேனோடது." அவர் குரல் தேய்ந்தது. "சின்னச் சக்கரத்துக்கான மீட்டர். பெரிய சக்கரத்துல மாட்டினா தூரம் கொறச்சலாதான் காட்டும். நல்ல பொருள், வீணாப் போகுதேன்னு... இவன் அதை வச்சு உன் கால்மேல கணக்குப் போடுவான்னு நான் நினைச்சுப் பாக்கல."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். நூற்றுப் பன்னிரண்டை இருபத்தைந்தால் வகுத்தால் கிட்டத்தட்ட நாலரை. ஊரில் அதே வயது வண்டி எவ்வளவு கொடுக்கிறதோ அதே நாலரை. மகன் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். காது மடல் சிவந்துபோயிருந்தது.

"ரெண்டு வருஷம்" என்றாள் முட்டைக்காரி. "ரெண்டு வருஷமா தப்பு மீட்டரைப் பாத்து எழுதி, மூணு மாசமா என் காலைக் குத்தம் சொல்லியிருக்கீங்க. நானும் நம்பிட்டேன் தெரியுமா? வயசாயிடுச்சு போல, கால் கனத்துப்போச்சு போலன்னு ராத்திரியெல்லாம் நானே என் காலைப் பிடிச்சுப் பாத்திருக்கேன். முட்டையிடற கோழிக்குத்தான் வலி தெரியும். நீங்க ரெண்டு பேரும் ஆம்லெட் சாப்பிடறவங்க."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கேட்கவில்லை. கம்பெனி டிரைவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள். "சாவியைக் குடு. பண்ணைல இன்னொரு லோடு இருக்கு. இதே வண்டி, இதே ரோடு, இப்ப நான் ஓட்டறேன். நீ பக்கத்துல உக்காரு."

ஷோரூம்காரர், "மேடம், அதுக்கு ஃபார்ம் நிரப்பணும்" என்றார்.

"நிரப்புங்க. நான் அதுக்குள்ள முட்டை ஏத்தறேன்."

முதல் ஐந்து நிமிஷம் புது வண்டி அவளோடு முரண்டு பிடித்தது. இந்தப் பக்கம் ஒரு பீப், அந்தப் பக்கம் ஒரு பீப். கியர் எல்லாம் வெண்ணெய் மாதிரி விழ, அவள் பழக்கதோஷத்தில் முரட்டுத்தனமாகத் தள்ளிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பாலம் தாண்டியதும் எதிரே பச்சையாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது.

"இது என்னப்பா?"

"கம்மியா டீசல் போறப்ப எரியும்க்கா" என்றான் கம்பெனி டிரைவர். வழியெல்லாம் அவன் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு வந்தான். அது அணைந்த நேரம் குறைவு. "என்கிட்ட இது இப்படி எரிஞ்சு நான் பாத்ததே இல்ல" என்றான் கடைசியில். நல்ல பையன், பொய் சொல்லத் தெரியவில்லை.

இரண்டு மணிக்குப் பங்குக்குள் நுழைந்தாள். ஒரு முட்டைகூட உடையவில்லை. மெக்கானிக் யாரும் சொல்லாமலே வந்து வண்டியை ஆட்டினார், வழக்கத்தைவிட அதிகமாகவே ஆட்டினார். டீசல் பதினெட்டு லிட்டர்தான் பிடித்தது. பதினெட்டுக்கு மேல் சொட்டு இறங்க மறுத்துத் தரையில் வழிந்தது.

மகன் இந்தத் தடவை கணக்கே போடவில்லை. அம்மாவின் பக்கத்தில் வந்து நின்றான். "தப்புதாம்மா. உன் வண்டியை இனிமே எவனும் தொடமாட்டான். பழைய வண்டியே இருக்கட்டும்."

"எவன் சொன்னான் பழைய வண்டியே இருக்கட்டும்னு?"

"நீதானேம்மா மூணு மாசமா..."

"இருபத்தஞ்சு எங்க, பதினெட்டு எங்க? தினம் ஏழு லிட்டரைப் புகையா விடறதுக்கு நான் என்ன கிறுக்கியா? பழசைக் குடுத்துட்டு இதை எடு. எனக்கு வண்டிமேல ஒட்டுமில்ல உறவுமில்லடா. இரும்புதானே! நீ வண்டியோட சேத்து என்னையும் எடைக்குப் போடப் பாத்தியே, அதுக்குத்தான் கத்தினேன். உன் ஃப்ரெண்டுக்கு போனைப் போட்டு வேற வேலை பாக்கச் சொல்லு."

அவன் அங்கேயே நின்று போன் போட்டான். முட்டைக்காரி அவன் பேசி முடிக்கும்வரை நகரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்கிறானா என்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள்.

ஷோரூம்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காகிதங்களை அவசர அவசரமாக எடுத்தார். "ரொம்ப சந்தோஷம் மேடம். வண்டியோட டிரைவருக்கு மூணு நாள் டிரெய்னிங் இலவசம். யாரை அனுப்பறீங்க?"

மகன் அம்மாவைக் காட்டினான்.

"வர்றேன்" என்றாள் முட்டைக்காரி. "அந்த பீப் எல்லாம் என்னன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், கத்துக்கறதுல வெக்கமில்ல. மூணு நாள் உங்க ஆள் சொல்றதைக் கேட்டுக்கறேன். நாலாவது நாள் காலைல அஞ்சு மணிக்கு உங்க ஆள் பண்ணைக்கு வந்து என் பக்கத்துல உக்காரட்டும். பிரேக்குன்னு ஒண்ணு எதுக்கு இருக்குன்னு நான் சொல்லித் தர்றேன். அதுவும் இலவசம்தான்."

கம்பெனி டிரைவர்தான் முதலில் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. காகிதத்தை வாங்கி, உரிமையாளர் என்ற இடத்திலும் ஓட்டுநர் என்ற இடத்திலும் தன் பெயரையே எழுதி, இரண்டுக்கும் கீழே அழுத்தமாகக் கையெழுத்துப் போட்டாள்.