பூ மாதிரி திறக்கும் கதவு

“கதவு பூ மாதிரி திறக்குது நண்பர்களே!”

பக்கத்து அறையில் தம்பி கேமராவைப் பார்த்துச் சொன்னது காதில் விழுந்ததும் அக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. அந்தக் கதவு விழுந்து நசுக்கிய அவள் கால்தான் மாவுக்கட்டோடு எதிர் நாற்காலியில் கிடந்தது.

கம்ப்யூட்டர் பாகங்களை அலசிச் சொல்லும் சேனல் அவர்கள் இருவருடையது. தொட்டுப் பார்ப்பது, எழுதுவது எல்லாம் அவள். அதைப் பேசுவது அவன். விமர்சனத்துக்கு வந்ததிலேயே பெரியது இந்தக் கேபினெட், கம்ப்யூட்டர் பாகங்களை உள்ளே பொருத்தும் பெட்டி. மேஜையில் ஏற்றினால் ஆளையே மறைக்கும். பார்த்தவுடன் அவளுக்குப் பிடித்துப்போனது. முன்பக்கத்தில் வேண்டாத மினுக்கு எதுவும் கிடையாது. தகட்டின் ஓரங்களை உள்பக்கம் மடித்திருந்தார்கள், விரலில் உறுத்தவில்லை. கறுப்புப் பூச்சில் கைரேகை படியவில்லை. எல்லாவற்றையும் மனசாரப் பாராட்டி எழுதிவிட்டுத்தான் பக்கவாட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். வெளியே தெரிந்தால் அழகு கெடுமென்று கொண்டியே வைக்கவில்லை, கீலும் பெயருக்குத்தான். கதவு அப்படியே கழன்று, அதன் முனை அவள் பாதத்தில் இறங்கியது. கண்ணாடிக்குக் கீறல்கூட இல்லை. எலும்புதான் முறிந்துபோயிற்று.

கதவு கழன்று விழுவதையும் ஒரு வரி சேர்த்து அனுப்பினாள். மறுநாள் அதைப் படித்த கம்பெனிக்காரர் தம்பிக்குப் போன் செய்தார். கதவைப் பற்றிய வரி மட்டும் வேண்டாமாம். அடுத்த மாடல் முதலில் இவர்களுக்குத்தானாம். தம்பி சரியென்று சொல்லிவிட்டு வந்து நின்றான்.

“ஒரு வரிதானேக்கா. நீயும் கொஞ்சம் பார்த்துத் திறந்திருக்கலாம்.”

“வாங்குறவன் வீட்ல குழந்தைங்க இருக்காதாடா?”

அவன் கேமராவைச் சரிசெய்யப் போய்விட்டான். எலும்பு வலியைக்கூட அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. ‘பார்த்துத் திறந்திருக்கலாம்’ என்ற சொல்தான் நாளெல்லாம் நெஞ்சில் கிடந்து எரிந்தது. கூடப் பிறந்தவன் வாயிலிருந்தா இது?

இப்போது பூவாம்!

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நொண்டி நொண்டிப் போய்க் கேபினெட்டுக்கு மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அக்கா, லைவ் போயிட்டிருக்கு,” என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு.

“தெரியும். அதனாலதான் வந்தேன்.”

கேமராவை நிமிர்ந்து பார்த்தாள்.

“நான் இவனோட அக்கா. இவன் பேசுறதையெல்லாம் எழுதுறது நான்தான். இந்த வரியை நான் எழுதல. பெட்டி அழகாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்ல மாட்டேன். அந்த அழகுக்காக இந்தக் கதவுல என்ன பண்ணி வச்சிருக்காங்கன்னு என் காலைப் பாருங்க.”

இரண்டு கைகளாலும் காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். கம்பெனிக்காரராகத்தான் இருக்க வேண்டும், எங்கோ தம்பியின் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. அவன் எடுக்கவில்லை.

எதிரே இருந்த சின்னத் திரையில் மூன்று பேரும் தெரிந்தார்கள்: அவள், அவன், நடுவில் கறுப்பாக அந்தக் கேபினெட். பூ மாதிரி திறக்கும் என்ற கதவு மூடியேதான் இருந்தது. கழன்று விழாதபடி தம்பியின் உள்ளங்கை கண்ணாடியை விடாமல் அழுத்திப் பிடித்திருக்க, விரல்களைச் சுற்றி வியர்வை ஆவியாகப் படர்ந்துகொண்டிருந்தது.